நெற்றி இல்லாத படங்கள்

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கெடுத்தாலும் முழுதாகத்தான் கெடுப்பேன். (என் மனைவியும் இதை ஒத்துக்கொள்வாள். அவள் என்னைப் பற்றி ஒத்துக்கொள்கிற விஷயங்கள் குறைவு.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் தம் பங்களாவின் கீழ்த்தளத்தை மியூசியமாக்கி வைத்திருந்தார். பஞ்சடைத்த முதலை, பழைய ஈட்டிகள், பெட்டி பெட்டியாக வண்ணத்துப்பூச்சிகள். அத்தனையையும் கணக்கெழுதிப் பார்த்துக்கொள்கிற கிராணி நான்.

பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஆறுமுகத்தின் படங்கள் துரைக்குப் பிடித்துப்போய், அவரைக் கௌரவித்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். மாஸ்டர் படத்தில் ஆள், மரம், வீடு எதுவும் இருக்காது. நீலம் இருக்கும், அதன்மேல் சாம்பல் இருக்கும், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அவருக்குக் கமலம் என்றொரு மகளும் உண்டு. என் மாமா எனக்காகப் பெண் கேட்டுப் போனபோது, "மொதல்ல படங்கள நல்லபடியா மாட்டட்டும், அப்புறம் பேசுவோம்" என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, என் கல்யாணமும் அதே ஆணியில்தான் தொங்கியது.

நூல் பிடித்ததுபோல் மாட்டி முடித்தேன். அன்று ஆயுத பூஜை. கேட், டைப்ரைட்டர், ஈட்டிகள், முதலை என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவன், படங்களுக்கு முன்னால் நின்றேன். வருங்கால மாமனாரின் தொழிலுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா?

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். சாமி படம் என்றால் நெற்றி இருக்கும். இங்கே முகமே இல்லை. ஒவ்வொரு படத்தையும் தலை சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, மனசுக்குப் பட்ட இடத்தில் அழுத்தி வைத்தேன். வீட்டுச் சாமி படங்களுக்குக் கண்ணாடி உண்டு, இவற்றுக்கு இல்லை என்பது விரல் துணியில் அமுங்கியபோதே தெரிந்திருக்க வேண்டும். (தெரிந்தது. நல்லதாயிற்று, உதிராது என்று சந்தோஷப்பட்டேன்.)

மறுநாள் காலை கண்காட்சித் திறப்புக்கு மாஸ்டர் மகளோடு ரயிலில் வந்து இறங்கினார். அவர் உள்ளே நுழைந்தபோது துரை ஒரு சாம்பல் நிறப் படத்தின் முன் நின்று, இந்தச் சிவப்புப் புள்ளிதான் படத்துக்கே உயிர் என்று இங்கிலீஷில் வியந்துகொண்டிருந்தார்.

மாஸ்டர் துரையிடம் சிரித்த முகத்தைக் காட்டிக்கொண்டே, "யாருடா வச்சது?" என்று தமிழில் கேட்டார்.

"நான்தான் மாஸ்டர். எல்லாத்துக்கும் வச்சிருக்கேன்" என்றேன். 'எல்லாத்துக்கும்' என்பதையாவது விட்டிருக்கலாம்.

"இவனுக்குப் பொண்ணும் கெடயாது, மண்ணும் கெடயாது! கமலம், கெளம்பு ஸ்டேசனுக்கு!" என்று கைக்குட்டையை உருவிக்கொண்டு பொட்டை அழிக்கப் போனார்.

கமலம் நகரவில்லை.

"அப்பா, வந்தவங்க எல்லாம் மொதலையப் பாக்க ஓடுறாங்க. இவரு ஒவ்வொரு படத்துலயும் வேற வேற எடத்துல வச்சிருக்காரு, பாருங்க. உங்க படத்த நின்னு பாத்த ஆளு இவரு ஒருத்தருதான்."

மாஸ்டர் முதலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூட்டம் அங்கேதான் இருந்தது.

"இங்க எதுக்கு வச்ச?" என்றார் என்னிடம், சாம்பல் படத்தைக் காட்டி.

"அங்கதான் கண்ணு போய் நிக்குது, மாஸ்டர்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். தாலி கட்டிவிட்டு, கமலத்தின் நெற்றியில் வைக்கக் குங்குமத்தை எடுத்தேன். பின்னாலிருந்து மாமனாரின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"மாப்பிள்ளை, இதுல நெத்தி இருக்கு! தேட வேணாம்!"

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குங்குமத்தைத் தொட்டாலும், சனம் மணமக்களை விட்டுவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறது.