பாதிரியார் களிமண் குழியில் இறங்கிய விவரம்

ஓல்ட்விக் கிராமம்,
மார்ச் 9, 1854

மதிப்புக்குரிய ஹெப்சிபா அக்காவுக்கு, தம்பி ஒபதையா பணிவுடன் தெரிவிப்பது. ஆண்டவர் தயவில் நானும் கெசையாவும் சுகம். கோழிகளும் சுகம். வீடுதான் சுகமில்லை.

நீ சின்ன வயதில் உருண்டு விளையாடிய வடக்கு மேடு இப்போது இல்லை. சூளை முதலாளி டகட் அதை வெட்டிச் செங்கல்லாகச் சுட்டு லண்டனுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அது வீடுகளாக நிற்கிறதாம். மேடு தீர்ந்ததும் பள்ளம் தோண்டினார். பள்ளம் நம் தோட்டத்து வேலிக்கே வந்துவிட்டது. "இன்னும் எவ்வளவு தூரம்யா வருவே?" என்று கேட்டேன். "களிமண்ணு எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும்தான் பெரியவரே" என்கிறார்.

இதற்கு முடிவு கட்டத்தான் செவ்வாய்க்கிழமை பாதிரியார் விப்பிளைத் தேநீருக்கு அழைத்தோம். மனுஷர் கோப்பை கோப்பையாகக் குடித்தார், "இந்தக் குழிய மூடாம ஓயமாட்டேன்" என்று மேசையைத் தட்டினார், பிறகு தோட்டத்துக் கோடியில் உள்ள கக்கூஸுக்குப் போனார். விடாத மழை வேறு. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கக்கூஸ் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, மூடின கதவோடு, சத்தமில்லாமல் பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது.

"என்னங்க, அவரு உள்ளதானே இருக்காரு?" என்றாள் கெசையா.

ஓடிப்போய்ப் பார்த்தால், அது அடியில் நிமிர்ந்தபடி உட்கார்ந்திருக்கிறது. சூளை ஆட்கள் கயிறும் கையுமாக நின்று, "வெளிய வாங்க சாமி" என்றால், உள்ளேயிருந்து "சித்த பொறுங்கப்பா" என்று குரல் வருகிறது. கதவைப் பெயர்த்து இழுத்தபோது கழுத்துவரை களிமண். "இப்படியே சுட்டா நூறு வருசத்துக்கு அசைய மாட்டாரு" என்றான் ஒருவன். டகட் தொப்பியைக் கழற்றி, அதற்குள் முகத்தை வைத்துச் சிரித்தார். பாதிரியார் களிமண் சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனார்.

அக்கா, இனி இங்கே கண்ணை மூட முடியாது. அடுத்து அடுப்பங்கரை எப்போது கிளம்புமோ தெரியவில்லை. உன் மாடி அறையைக் காலி செய்து வை. சனிக்கிழமை கோழிகளோடு வந்துவிடுகிறோம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கர்த்தர் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

உன் தம்பி,
ஒபதையா ஸ்டப்ஸ்

பின்குறிப்பு: அறையைக் காலி செய்யாதே. இதை ஒட்டப் போகும்போது பாதிரியார் வந்தார், வருடக்கணக்காகப் பிடித்திருந்த கைத்தடி இல்லாமல். அந்தக் களிமண் பட்டதில் மூட்டுவலி போயே போய்விட்டதாம். குழியை மூடச் சொல்பவனைக் கோயிலில் சேர்க்கமாட்டாராம். இப்போது மறுபடியும் குழிக் களிமண்ணுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் டகட்டின் மாமியார். உன் இடுப்பு வலியோடு நீயே சனிக்கிழமை இங்கே வந்துவிடு. பழைய துணியாக எடுத்து வா. நான் அடுப்பங்கரைத் தரையைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். குழிவரை நடக்கக் கெசையாவுக்குச் சோம்பலாக இருக்கிறதாம்.