மொதல்ல நீங்க நாக்க நீட்டுங்க

பேசிக் கெட்டவன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். டிராக்டர் ஓட்டுகிறவன். பேசுகிற வேலை கிடையாது. ஒரே ஒரு நாள் கொஞ்சம் ஜாஸ்தி பேசிவிட்டேன். அதற்கே இன்னும் தலை நிமிரவில்லை.

மூத்த பெண் பிறந்த சமயம். பிரசவம் முடிந்து என் மனைவி செல்வி மணலூர்பேட்டையில் தாய் வீட்டில் இருந்தாள். நான் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். இறக்கிவிட்டுப் போய்ப் பார்ப்பேன். பிள்ளை அழும். மார்பைப் பிடிக்கும், நழுவும், மறுபடி அழும். உறிஞ்சும்போது 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். செல்விக்கு மார்பெல்லாம் புண். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பால் கொடுப்பாள். பிள்ளை எடை ஏறவே இல்லை.

எனக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. (எனக்கு எல்லாம் உடனே புரியும்.) மாமியார் ஒழுங்காகச் சோறு போடவில்லை, பால் ஊறவில்லை. பால் ஊறட்டும் என்று சந்தையில் பை நிறையப் பால்சுறா கருவாடு வாங்கிப்போய் அவர் முன்னால் வைத்தேன்.

"பாலு ஊறிக்கினுதான் இருக்குது மாப்ள. புள்ளதான் இழுக்கல," என்றார்.

"இருந்தா ஏன் இழுக்காது?" என்றேன். செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊசி போட வந்த நர்சம்மா பிள்ளையின் வாயில் விரல் விட்டுப் பார்த்தார். "அடிநாக்கு ஒட்டிக்கினு இருக்குது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

போனோம். கூட மாமியாரும் செல்வியின் தம்பி ஏழுமலையும். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்குக்கு அடியில் இருக்கிற சவ்வு நுனி வரை இழுத்துப் பிடித்திருக்கிறதாம். எல்லாப் பிள்ளைக்கும் வெட்ட வேண்டாமாம். இப்படிப் பால் குடிக்க முடியாவிட்டால்தானாம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்குதா?" என்று கேட்டார்.

அங்கேதான் வாயைத் திறந்தேன்.

"எங்க வகையறாவுல கெடையவே கெடையாதுங்க. எல்லாம் அவங்க பக்கம்தான். தோ நிக்கிறானே, இவனுக்குப் பேச்சே சரியா வராது."

கதவோரம் பையோடு நின்ற ஏழுமலை உள்ளே பாய்ந்தான். "எனக்கா மாமா வராது? கேட்டுக்கங்க மேடம். ரயிலு, ரேசனு, ரோடு ரோலரு!"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. டார்ச்சை என் பக்கம் திருப்பினார்.

"மொதல்ல நீங்க நாக்க நீட்டுங்க."

"எனக்கு எதுக்குங்க?"

"நீட்டுங்க."

நீட்டினேன். பலம் கொண்ட மட்டும் நீட்டினேன். கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கு கீழ்ப்பல்லைத் தாண்டவில்லை. மாமியார் எட்டிப் பார்த்தார். பிள்ளையின் வாயைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார்.

"போதும், மூடிக்குங்க. இது அப்பா வழியிலகூட வரும். குச்சி ஐஸ் எப்படி சாப்புடுவீங்க?"

"பாதி கையில ஊத்திடுதுங்க," என்றேன். (எல்லோருக்கும் அப்படித்தான் ஊற்றும் என்று நினைத்திருந்தேன்.)

ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செல்வி சிரிக்கவில்லை.

"இத்தினி நாளா என் பாலத்தான கொற சொல்லிக்கினு இருந்த?"

மெதுவாகத்தான் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிள்ளையைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. சொட்டு ரத்தம். வீறிட்டது. உடனே செல்வி வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். முதலில் நழுவியது. பிறகு பிடித்தது. விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. பழக்கத்தில் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனவள், கடிக்காமல் கீழே விட்டாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

அதற்குப் பிறகு யார் மேலும் என்னால் குறை சொல்ல முடிவதில்லை. குழம்பில் உப்பு கம்மி என்று ஆரம்பித்தாலே போதும். "மொதல்ல நீங்க நாக்க நீட்டுங்க" என்று செல்வி சொல்வாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண்ணும் சொல்கிறாள்.

போன மாதம் பையன் பிறந்தான். மாமியார் கையில் வாங்கியதும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் கொட்டாவி விடும்வரை காத்திருந்து வாய்க்குள் பார்த்தார். நாக்கு நன்றாக மேலே எழும்பியது.

"எங்க வகையறா," என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.