அகரத்தில் ஐந்து ஊதா விரல்கள்

படித்தவன் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு வெறி இருந்தது. இதை நானே ஒப்புக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அதுவும் கூடுதல் காரத்தோடு.

அறுபதுகளில் சென்னையில் பெப்டைடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அமினோ அமிலங்களைப் பூச்சரம்போல ஒவ்வொன்றாகக் கோத்து, சரத்தின் முனையை வேறொரு ரசாயனத்தால் மூட வேண்டும். மூடியதா என்று பார்க்க, நின்ஹைட்ரின் கரைசலை விட்டுச் சூடாக்குவோம். ஊதா நிறம் வந்தால் மூடவில்லை, வேலை நாசம். (இரண்டு வருஷமாக என் சோதனைக் குழாய்களில் ஊதாவைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை.)

இந்த லட்சணத்தில் திண்டுக்கல் பக்கம் அகரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். சரோஜா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை ஒருதரம் நேராகப் பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா ராமசாமி வெங்காய வியாபாரி. மறுநாள் பஞ்சாயத்துத் தேர்தல், அதில் அவர் வேட்பாளர் வேறு.

"மாப்ளைக்கு மருந்துக் கடையில வேலையா?" என்று கேட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? பந்தாவுக்கென்றே பையில் கொண்டுவந்திருந்த நின்ஹைட்ரின் புட்டியைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை நனைத்தேன்.

"எல்லாரும் ஒரு விரலை அழுத்துங்க. ஊதாவா மாறும் பாருங்க!"

எல்லார் வலது கையிலும் பஜ்ஜி இருந்தது. அதனால் ராமசாமி, அவர் மனைவி, இரண்டு தம்பிகள், ஒரு தம்பி மனைவி ஆக ஐந்து பேரும் இடது ஆள்காட்டி விரலை அழுத்தினார்கள். தாளை அடுப்பில் காட்டினேன். ஐந்து ரேகையும் ஊதாவாக எழும்பி வந்தன.

"அடேங்கப்பா! அம்புட்டுக் கோடும் தெரியுதே!" என்றார் ராமசாமி. கல்யாணத்துக்கு நாள் பார்க்கவே சொல்லிவிட்டார்.

நனைந்த விரலும் புரதம்தான், கொஞ்ச நேரத்தில் அதுவும் ஊதாவாகும், நாலு நாளைக்குப் போகாது. இதெல்லாம் அந்த வட்டாரத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் ஓட்டுச்சாவடியில் அதிகாரி ஐந்து பேரின் விரலையும் பார்த்தாராம்.

"காலையிலேயே போட்டுட்டு, திரும்பவும் குடும்பத்தோட வந்திருக்கீங்களே?"

"ஐயா, இது பொண்ணு பாக்க வந்த மாப்ள வச்ச மைங்கய்யா!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அதிகாரியின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஐந்து பேரையும் திருப்பி அனுப்பினார். ராமசாமி நாலே ஓட்டில் தோற்றார்.

"ஏலே, என்னத்தலே பண்ணித் தொலைச்ச?" என்று, சேதி கேட்ட என் தாய்மாமன் என்னை மறுபடி அகரத்துக்கு இழுத்துப் போனார். சரோஜா கைநழுவிப் போனாள் என்றே நினைத்தேன். ராமசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சம்பந்தமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், கெளம்புங்க" என்றார்.

உள்ளேயிருந்து சரோஜா வந்தாள்.

"யப்பா, ஊதாவாகும்னு சொன்னாரு, ஆச்சு. போன தடவை செயிச்சப்ப கெணறு வெட்டுறேன்னீங்களே, வெட்டுனீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

முதல் ஆளாக மண்டபத்துக்கு வந்தவர், ராமசாமியைத் தோற்கடித்த புது மெம்பர். நாங்கள் அழைக்கவேயில்லை. ஆளுயர ரோஜா மாலையை என் கழுத்தில் போட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். பேரப்பிள்ளைகள், "தாத்தா என்ன கண்டுபிடிச்சாரு?" என்று கேட்டால் சரோஜா என்னைப் பேசவே விடுவதில்லை.

"உங்க தாத்தா ஆராய்ச்சியால ஒரே ஒரு ஆளுதான் நல்லாருந்தாரு. எங்கப்பாவ எதுத்து நின்னவரு!"