சொட்டு சாரும் இருபத்துநாலு மணி நேரமும்

தென்னாற்காடு ஜில்லா முழுவதிலும் மனிதர்களின் சிறுநீரை இவ்வளவு மரியாதையாக நடத்தியவர் இன்னொருவர் கிடையாது. பெரிய அதிகாரி வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஆனால் யாராவது ஒரு பாட்டிலோடு உள்ளே நுழைந்தால் போதும், எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

அறுபதுகளில் கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டிய பின்னறைதான் அவருடைய லேப். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, அமிலம் பட்டுப் பட்டுச் சல்லடையாகிப்போன ஒரு வெள்ளைக் கோட்டு. 'ஒரு சொட்டு குறையக் கூடாது' என்று நாளைக்கு நூறு தடவை சொல்வார். அதனால் ஊருக்கே அவர் சொட்டு சார். சொந்தப் பெயர் அவருக்கு நினைவிருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

அவருக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது. பரிசோதனையின் நிறம்தான் நிற்கும். அப்போதெல்லாம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரை ஒரு நீலத் திரவத்தோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். ஊரையே அவர் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். ஒரு நாள் ரயிலடியில் ஊரின் பெரிய வக்கீல் நாலு பேர் நடுவில் நின்று ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் பிளாட்பாரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "யோவ் செங்கல்! கீழ வையி அத!" வக்கீல் வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட வாத்தியாரும் பயந்துபோய்க் கையிலிருந்ததை வைத்துவிட்டார். "நீங்க பச்சைதான், பாதி சாப்பிடலாம்" என்று பதில் வந்தது.

இந்த மனிதரிடம் நான் மாட்டியது என் இருபத்தொன்பதாவது வயதில்.

கடலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. திடீர் திடீரென்று எனக்கு ஒன்று வரும். கீழ்த்தட்டிலிருந்து ஃபைல் எடுக்கக் குனிவேன். மண்டையில் யாரோ சுத்தியலால் அடிப்பது போல வலிக்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்து, முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் ரத்தக் கொதிப்பும் இறங்கிவிடுவதால், அவருக்கு நான் எப்போதும் ஆரோக்கியமாகத்தான் தெரிந்தேன். சூப்பரின்டெண்டெண்டைக் கண்டு பயம் என்று ஆபீஸில் முடிவு கட்டினார்கள். அதில் சூப்பரின்டெண்டெண்டுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் மனைவி தனத்தின் அண்ணன் ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தார். "மாப்ளே, கோயிலுக்கு வந்து விழுந்து கும்பிட்டுட்டுப் போங்க, எல்லாம் சரியாப் பூடும்" என்றார். போனேன். விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்கும்போதே வந்துவிட்டது. வியர்த்து நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஓர் அம்மாள், "சாமி வந்துடுச்சி!" என்று கத்த, கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என் காலில் விழுந்து, "எம் மாட்டைக் காணோம், எந்தப் பக்கம் போச்சி சாமி?" என்று கேட்டார். எனக்குக் காற்று வேண்டியிருந்தது. வாசல் பக்கம் கையைக் காட்டினேன். அவர் ஓடினார். மாடு அங்கேதான் நின்றது. அதற்கப்புறம் நான் ஸ்ரீமுஷ்ணம் போவதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. ஒரு தடவை வந்தபோது கொஞ்ச நேரம் கண்ணே தெரியவில்லை. தனம் அப்போது ஐந்து மாதம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சாதாரணப் பரிசோதனைக்காக ஒரு நாள் சொட்டு சாரின் அறைக்குப் போனேன். கையிலிருந்த சீட்டு பெஞ்சுக்கு அடியில் பறந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். வந்துவிட்டது. சொட்டு சார் என்னைத் தாங்கிப் பிடிக்கவில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அப்புறம் பாய்ந்து போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரை எச்சில் கையோடு இழுத்து வந்தார். பிரஷர் கருவியில் பாதரசம் இருநூற்று முப்பதில் போய் நின்றது. கால் மணி நேரம் கழித்து நூற்று முப்பது.

"நரம்புத் தளர்ச்சி. மனசுல ஏதோ பயம்" என்றார் டாக்டர்.

"பயத்துக்கு இம்மாம் ஒசரம் ஏறுமா சார்? எறங்கவும் செய்யுமா?"

"வேற என்னாங்கறே?"

"கிட்னிக்கு மேல இருக்கற சுரப்பியில ஒரு கட்டி வருமாமே, சார்."

டாக்டர் சிரித்தார். "அதெல்லாம் புத்தகத்துல வர்ற வியாதிய்யா. கடலூருக்கெல்லாம் வராது."

"மெட்ராஸ்லேர்ந்து ரயில் வருதே சார், வியாதி வராதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினார். அண்ணாமலை நகரில் தெரிந்த வேதியியல் விரிவுரையாளர் ஒருவரைப் பிடித்து, லைப்ரரிக்குள் நுழைந்து, பகல் முழுவதும் ஒரு தடிமனான புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக எழுதி எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குதும்மா" என்று தனத்திடம் ஆரம்பித்தார். "நாம பயந்தா, ஓடறதுக்குத் தெம்பா அதுலேர்ந்து ஒரு சத்து ரத்தத்துல எறங்கும். அதுல ஒரு கட்டி இருந்தா, பயமே இல்லாம அது பாட்டுக்கு எறங்கும். இவுரு பயப்படல. இவுருக்குள்ள இன்னொண்ணு பயப்படுது."

"அதைக் கண்டுபிடிக்க முடியுங்களா?"

"அந்தச் சத்தோட மிச்சம் மூத்திரத்துலதான் வந்தாவணும். இருவத்திநாலு மணி நேரமும் ஒரு சொட்டு விடாமப் பிடிச்சா அகப்பட்டுக்கும். அகப்பட்டா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"அகப்படலைன்னா?"

சொட்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சோதனையைச் செய்கிற வசதி கடலூரில் கிடையாது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபுக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. மறுபடி போட்டார். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. சோதனைக்கு முந்தைய மூன்று நாளும், சோதனை அன்றைக்கும், காப்பி, டீ, வாழைப்பழம், ஆரஞ்சு, சாக்லேட், வெனிலா எஸன்ஸ் போட்டது எதுவும் கூடாது. அமிலம் விட்ட பாட்டிலில் சேகரித்துக் குளிர்ச்சியாகக் கொண்டுவர வேண்டும். டாக்டர் கையெழுத்து அவசியம். "போட்டுத் தொலைக்கிறேன், அப்புறம் இந்தப் பேச்சை எடுக்காதே" என்று டாக்டர் போட்டார்.

மறுநாளிலிருந்து பதினோரு மணிக்கு ஆபீஸில் காப்பி வரும்போது சொட்டு சாரும் கூடவே வருவார். என் மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "வாயைக் காட்டுங்க" என்பார். இரண்டாம் நாள் யாருக்கோ மாற்றலாகி விருந்து. என் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தார்கள். உரித்து வாய்க்கருகே கொண்டுபோனதுதான் தெரியும். பழம் சொட்டு சாரின் வாயில் இருந்தது. "எனக்குச் சோதனை இல்ல" என்று மென்றுகொண்டே விளக்கினார்.

நாலாம் நாள் காலையில் ஆரம்பித்தோம். பெரிய பழுப்பு நிறப் பாட்டில். முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மறுநாள் அதே நேரம் வரைக்கும் வருவதெல்லாம் பாட்டிலுக்குள். சாயங்காலம் வரை ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் சூப்பரின்டெண்டெண்ட் ஏதோ கத்த, நான் ஏதோ நினைப்பில் ஆபீஸ் கக்கூசுக்குள் போய் வந்துவிட்டேன். வெளியே வந்ததும்தான் உறைத்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொட்டு சாரின் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

ஒரு தடவை தவறினாலும் மொத்தமும் வீண். பாட்டிலை எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவினார். நான் அலுத்துப்போய், "போதும் சார், விட்டுடுங்க. விதிப்படி நடக்கட்டும்" என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "விதியை எனக்கு டெஸ்ட் பண்ணத் தெரியாதுங்க. இதைத் தெரியும். ஊட்டுல அந்தப் பொண்ணு புள்ளையை வயித்துல வச்சிக்கினு உக்காந்திருக்கு. நீங்க விதி பேசறீங்க. அடுத்த வாரம் மறுபடியும் புடிக்கறோம்."

"அடுத்த வாரம் சிதம்பரத்துல மச்சினி கல்யாணம் சார்."

"சிதம்பரத்துல மூத்திரம் வராதா?"

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை ஏழு மணிக்கே சிதம்பரம் கல்யாண வீட்டில் சொட்டு சார் ஆஜர். அழைப்பு கிடையாது. ஈரச் சாக்கு சுற்றிய பாட்டிலைச் சாமான் அறை மூலையில் வைத்து, 'அமிலம். தொடாதே' என்று எழுதி ஒட்டி, அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு தடவை பாட்டிலோடு கொல்லைப்புறம் போகும்போதும் பின்னாலேயே வருவார். சம்பந்தி வீட்டார் கண்ணுக்கு அது தப்பவில்லை. ஸ்ரீமுஷ்ணத்து மச்சான் ஓடி வந்தார்.

"மாப்ளே, அது என்னா, பன்னீரான்னு கேக்கறாங்க. மாப்பிள்ளையோட சித்தப்பா தம் மேல கொஞ்சம் தெளிச்சிவிடச் சொல்றாரு."

"ஒரு சொட்டு தர மாட்டேன்" என்றார் சொட்டு சார்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தேன். வந்துவிட்டது. தலை வெடிக்கிற மாதிரி வலி. தனம் அலறினாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சொட்டு சார் வந்தார். டாக்டரிடம் கேட்காமலே எடுத்து வந்த பிரஷர் கருவியை என் கையில் சுற்றினார். முகமெல்லாம் பல்.

"வந்துடுச்சா? ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது!"

என் மாமனார் கை ஓங்கிவிட்டார். "ஏன்யா, மனுஷன் சாவக் கெடக்கறான், நல்லதுங்கறியே?"

"பாட்டில் இருக்கும்போதே வந்ததால சொல்றேன் ஐயா. இதுக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன்" என்றார். சொல்லிக்கொண்டே என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடைசிச் சொட்டும் உள்ளே போயிற்று. தாலி கட்டி முடிந்ததும் நானும் அவரும் மெட்ராஸ் ரயில் ஏறினோம். கடலூர் முதுநகர் ஜங்ஷன் வரைக்கும் நிம்மதி. மதுவிலக்கு இருந்த காலம். பாண்டிச்சேரிச் சரக்கு கடலூர் வழியாகத்தான் கள்ளத்தனமாக உள்ளே நுழையும். சாக்கு சுற்றிய பெரிய பாட்டிலை மடியில் வைத்து ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் போலீஸ்காரருக்கு என்ன தோன்றும்?

"என்னாய்யா அது?" என்றார் ஏட்டு.

"மூத்திரம்."

"யார்கிட்ட நக்கல் பண்றே? எறங்கு கீழ!"

இறங்கினோம். பிளாட்பாரத்தில் கூட்டம் சேர்ந்தது. ரயில் ஊதியது. ஏட்டு கேட்டார். "சரி, கீழ கொஞ்சம் ஊத்திக் காட்டு."

சொட்டு சார் பாட்டிலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னை ஜெயில்ல போடுங்க. ஊத்த மாட்டேன்."

வேறு வழியில்லை. அந்தப் பிளாட்பாரத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏட்டையா, அது என்னுதுங்க" என்று உரக்கச் சொன்னேன். ஏட்டு நம்பாமல் தக்கையைத் திறந்து மூக்கை வைத்து ஒரு இழு இழுத்தார். அவர் முகம் போன போக்கில் கூட்டம் தானாகவே விலகியது. நகர ஆரம்பித்த ரயிலில் எங்களை அவரே தூக்கி ஏற்றிவிட்டார். உட்கார்ந்ததும் சொட்டு சார் நோட்டை எடுத்து எழுதினார்: 'முதுநகர். ஏட்டு மோந்து பார்த்தார். அளவு குறையவில்லை.'

முடிவு வந்தது. இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, சொட்டு சாரின் தோளில் கையை வைத்தார்.

மெட்ராஸில் ஆபரேஷன். கட்டியைத் தொடும்போது கொதிப்பு எகிறும், ஆள் பிழைப்பதே கஷ்டமாகலாம் என்று சர்ஜன் சொட்டு சாரிடம் முன்பே சொல்லியிருக்கிறார். அதைத் தனத்திடம் சொட்டு சார் சொல்லவில்லை. நிறைமாதமாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஊரிலிருந்த பச்சை, மஞ்சள், செங்கல் கதைகளை எல்லாம் நாலு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். வலது கிட்னிக்கு மேலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி வந்தது. அதைத் தட்டில் வைத்துக் காட்டச் சொல்லி, சொட்டு சார் வெகுநேரம் பார்த்தாராம். "இவ்ளோதானா நீ?" என்று கேட்டாராம்.

அத்தோடு விட்டாரா? ஊர் திரும்பிய என் வாசலில் அதே பழுப்புப் பாட்டிலோடு நின்றார். "போயிடுச்சான்னு பாக்க வேணாமா?" மறுபடி நாலு நாள் காப்பி கிடையாது. மறுபடி இருபத்துநாலு மணி நேரம். மறுபடி அவரே மெட்ராஸ் போனார்.

அந்த முடிவு வந்த அன்று நல்ல மழை. கொட்டக் கொட்ட சைக்கிள் மிதித்து வந்து, சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். எல்லாம் சரியான அளவு. பிறந்து பன்னிரண்டு நாளான எங்கள் மகளைத் தனம் அவர் கையில் கொடுக்கப் போனாள். "துடைச்சிக்கறேன், இரும்மா" என்று துண்டை வாங்கிக்கொண்டு, அவர் எங்கள் வீட்டில் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, துண்டு கையில் இருக்க, பட்டப்பகலில் அப்படி ஒரு தூக்கம். நானும் தனமும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினோம். அவராக எழுந்திருக்கும்வரை, குழந்தையைக்கூட அழ விடாமல் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றோம்.