மாமனார் வீட்டு வாசலில் ஒரு கூடாரம்

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு வீட்டு வாசலில் கூடாரம் நின்றால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று கல்யாணம். கல்யாணம் என்றால் பத்திரிகை வந்திருக்கும். பத்திரிகை வராத கூடாரம் என்றால் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். இந்தக் கணக்கை நம்பித்தான் எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மானத்தைப் புக்கிட் ரோத்தான் பக்கம் தொலைத்துவிட்டு வந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் கொடுக்கும் வேலை அது. வீட்டுக்கு வந்த பிறகும் நான் அதை நிறுத்துவதில்லை. மீன்காரர் நிறுத்துக் கொடுத்த மீனை மறுபடி நிறுத்துப் பார்ப்பேன். யாராவது வலிய வந்து சிரித்துப் பேசினால் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். டாக்டர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிவிட்டு, மருந்து கட்டும் டிரெஸர் ஒருவர் மட்டும் எப்போதாவது வந்து போகும் நிலைமை. டவுன் கிளினிக்கிலோ தீபாவளிக்குத் தீபாவளி கட்டணம் ஏறியது. மாத்திரை மட்டும் அதே மாத்திரை.

என் மாமனார் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு உடனே போகச் சொன்னார் டவுன் டாக்டர். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. இவர் ஆள் பிடித்து அனுப்புகிறார், அவர்கள் இவருக்குப் பங்கு கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அது வெறும் வாயு, அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கும்வரை பொறுக்கலாம் என்று என் மனைவி சரோஜாவிடம் அடித்துச் சொன்னேன். தேதி கிடைத்தது, மூன்று மாதம் தள்ளி. சரோஜா பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் குழைந்த சோற்றைத் தின்று வீறாப்பாக இருந்து பார்த்தேன். பிறகு அவளைச் சமாதானப்படுத்தி அழைத்து வரலாம் என்று பஸ் ஏறினேன். தோட்டத்து முனையில் இறங்க எழுந்தபோதுதான் பார்த்தேன். தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு, என் மாமனார் வீடு. வாசலில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கூடாரம். கீழே வரிசையாக நாற்காலிகள்.

நல்ல மனிதர் அவர். என்னைவிட எனக்கு மரியாதை கொடுத்தவர். அவருக்கு ஏதாவது ஆனால் பழி என் தலையில்தான், சரோஜா இந்த ஜென்மத்தில் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று பயந்தேன். அந்த நிலையிலும் என் சந்தேகம் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையில் டெலிபோன் இருக்கிறது, தோட்டத்து ஆபீசிலும் இருக்கிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை? வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். சாவுக்குக்கூட வராத மருமகன் என்று பேர் வாங்கிக் கொடுக்கத்தான் திட்டம்.

யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (கேட்டால் பொய்தான் சொல்வார்கள் என்பது அன்றைய என் கொள்கை.) இறங்காமல் அதே பஸ்ஸில் கடைத்தெருவுக்குப் போய் ஆளுயர மாலை ஒன்றும் கோடி வேட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு டாக்சியில் திரும்பினேன். வெறுங்கையோடு போய் நின்றால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

கூடாரத்துக்குள் பாதி லயம் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. (வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.) நடுவில் ஒரு பெஞ்சு. அதில் மார்புவரை வெள்ளைத் துணி போர்த்தி, கண் மூடி, அசையாமல் மாமனார். பக்கத்தில் என் மச்சான் மணியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏன்டா மறைச்சீங்க? ஒரு போன் போட முடியலையா உங்களுக்கு?"

அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேனே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாலையை மாமனார் மேல் சாத்திவிட்டுக் காலில் விழுந்தேன். சாவு வீட்டில் அழும்போது அளவான வார்த்தை யாருக்கும் வராது. எனக்கும் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் கொண்டு போயிருப்பேனே. எவ்ளோ செலவானாலும் நான் பார்த்திருப்பேனே மாமா."

நான் பிடித்திருந்த கால்கள் மெல்ல மடங்கின. மாமனார் எழுந்து உட்கார்ந்து, கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்ள, கடைசியா ஒன்னு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க லா. டாக்டரம்மாவுக்குச் சரியா கேட்டிருக்காது."

டவுனிலிருந்து ஒரு சங்கத்தார் வந்து இலவச மருத்துவப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டுப் பக்கம்தான் திடலும் குழாயும் இருந்ததால் கூடாரம் அங்கே. மாமனாருக்கு இரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்ததால், கண்ணை மூடி அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார் அவர்களோடு வந்த இளம் டாக்டரம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் என்னிடம் விவரம் சொன்னார். வாயு இல்லை, இதயம். தேதிக்கெல்லாம் காத்திருக்க முடியாது. முதலில் பார்த்த டாக்டர் சொன்னது முழுக்கச் சரி.

நான் சுற்றிலும் பார்த்தேன். பாதி லயமும் வாயில் கண்ணாடிக் குச்சியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசற்படியில் சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு மறுபடி அழுகை வந்தது. இந்த முறை சத்தம் போடாமல் அழுதேன்.

மறுநாளே கோலாலம்பூருக்குக் கொண்டு போனோம். மோட்டார் சைக்கிள் வாங்க நான் சேர்த்திருந்த பணம் அந்த ஆஸ்பத்திரிக் கணக்கில் போயிற்று. மாமனார் பிழைத்து, பேரப்பிள்ளைகளின் கல்யாணம்வரை பார்த்துவிட்டுத்தான் போனார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. நான் மச்சான் சட்டையைப் பிடித்தபோதே அவர் கண்ணைத் திறந்திருக்கலாம். செலவு என்ற வார்த்தை வரும்வரை ஏன் காத்திருந்தார்? 'டாக்டரம்மா அசையக்கூடாதுன்னாங்க மாப்ள' என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து நான் எதையும் பிடுங்க முடியவில்லை.

இப்போது எனக்கு அவர் வயது. போன மாதம் என் முழங்கால் ஆபரேஷனுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு, இதில் ஏதோ இருக்கிறது, வேறு இடத்தில் விசாரிக்கலாம் என்று இழுத்தான் என் மருமகன். நான் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து சரோஜா குரல் கொடுத்தாள்.

"நீங்க கண்ணை மூடிப் படுத்துக்குங்க. நான் கூடாரத்துக்குச் சொல்லிடறேன்."