சொட்டு விழும் நேரம்

மேகமங்கலத்து மன்னர் மகுடேசர் காலையில் எழுந்தார். பல் துலக்கினார். பால் குடித்தார். மகுடத்தை வைத்துக்கொண்டு மாடத்துக்கு வந்து கையசைத்தார். பதிலுக்குக் கையசைக்கக் கீழே யாரும் இல்லை.

"எங்கே போய்த் தொலைந்தார்கள்?"

"கண்காட்சிக்கு, பிரபு" என்றார் கலைத்துறை அமைச்சர் பூவராகர். "யாழரசி என்றொரு பெண். ஊரிலுள்ள ஓட்டை பிளாஸ்டிக் குடங்களையெல்லாம் கோத்து, மண்டபக் கூரையிலிருந்து பெரிய அலைபோலத் தொங்கவிட்டிருக்கிறாள். அதற்கடியில் ஒரு படம் ஓடுகிறது."

"என்ன படம்?"

"ஒரு தெருக்குழாய். வெகுநேரம் கழித்து ஒரு சொட்டு விழும். அவ்வளவுதான்."

"அதற்கா இத்தனை கூட்டம்?"

"சொட்டு விழும்போது எல்லோரும் 'ஆ' என்கிறார்கள், பிரபு. நானும்கூட..." அமைச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மன்னருக்கு வயிறு எரிந்தது. அவரைப் பார்த்து ஒருவரும் 'ஆ' என்றதில்லை. 'வாழ்க' என்பார்கள். அதற்குச் சோற்றுப் பொட்டலம் உண்டு.

அன்றே ஆணை பிறந்தது. மன்னருக்கும் குடங்களால் ஒரு சிலை, அவளுடைய அலையைவிட உயரமாக. ஓட்டைக் குடம் ராஜ கௌரவத்துக்கு ஆகாது என்று வீடுவீடாக நல்ல குடங்களைப் பறித்தார்கள். சிலை எழுந்தது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள், தங்கள் குடம் எது என்று தேடி.

மன்னருக்கு அது போதவில்லை. குழாயைப் பார்த்து ஏங்குவது ராஜத்துரோகம் என்று அடுத்த ஆணை போட்டார். தெருக்குழாய்கள் எல்லாம் அடைக்கப்பட்டன.

"என்னே தொலைநோக்கு!" என்றார் பூவராகர்.

இனித் தண்ணீரைக் கண்ணால் காண்பதென்றால் படத்துக்குத்தான் போகவேண்டும். கூட்டம் இரண்டு மடங்கானது.

பொறுக்கமாட்டாமல் மன்னரே மண்டபத்துக்குப் போனார். இருட்டில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் திரையின் முன்னால் நின்றார். மகுடத்துக்கு மேலே குழாயின் வாய் மட்டும் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து யாழரசி ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்துச் சொட்டு விழுந்தது, மகுடத்தின் மேல்.

"ஆ!" என்றது மண்டபம்.

மன்னர் கண்கலங்கிக் கையசைத்தார்.

யாழரசியை விடிவதற்குள் நாடு கடத்தினார்கள். பரவசத்தில் அவள் கடைசியாகச் சொன்னது 'மன்னர் வாழ்க' என்று அரசிதழில் எழுதினார் பூவராகர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பாடம்.

இப்போது காலையில் மன்னர் மாடத்துக்கு வந்து கையசைத்தால் கீழே கூட்டம் இருக்கிறது. பொட்டலம் கொடுக்காமலே வாய்க்குள் எதையோ முணுமுணுக்கிறது. வாழ்த்து என்று அவர் மகிழ்ந்துபோகிறார். மண்டபத்தில் அவள் நிஜமாகவே சொன்ன வார்த்தை அது.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."