இன்னும் ஒரு பாண்ட்

மனித இனத்தில் ‘திருவிழா பாண்ட் வாத்திய ஏற்பாட்டாளர்’ என்றொரு பிரிவு உண்டு. கண்டியைச் சுற்றி எந்த டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒருவரையாவது சந்திக்கலாம். அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் விசில். கைக்கொன்றாக இரண்டு ஃபோன். நெஞ்சில் ஒரு பேட்ஜ், அது ஃபாதரின் சிலுவையைவிடக் கொஞ்சம் பெரியதாகவே இருக்கும். ஊர்வலத்தில் எல்லோரும் போகிற திசையைப் பார்த்து நடக்கும்போது, இவர் மட்டும் முதல் பாண்டுக்கு முன்னால் நின்று, அதன் முகத்தைப் பார்த்தபடி, கைகளை வீசிக்கொண்டு, பின்பக்கமாகவே ஊரைச் சுற்றிவருவார். தன் கை ஓய்ந்தால் பிள்ளைகளுக்கு இடது கால் எது, வலது கால் எது என்று மறந்துபோகும் என்பது இவருடைய திடமான நம்பிக்கை.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் பிரதிநிதி அம்புறோஸ். வத்தேகமையிலிருந்து சற்று மேலே ஏறினால் வருகிற சின்ன டவுன் எங்களுடையது. பெயரைச் சொன்னால் அம்புறோஸ் கோபித்துக்கொள்வார், ஆகவே வேண்டாம். தொழிலால் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். பிறவியால் பாண்ட். ஜனவரியில் வரும் செபஸ்தியார் திருவிழாவுக்கு ஆகஸ்டிலேயே ஆயத்தமாகிவிடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் கம்பியில் தாளம் போட்டால் போதும், “எந்த ஸ்கூல் மகன்? ஒங்க ஸ்கூல்ல பாண்ட் இருக்கா?” என்று தொடங்கிவிடுவார். தகரக் கூரையில் மழை விழுந்தாலும் ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் குடையை விரிப்பார்.

எங்களிடம் பெரிய ட்ரம் இல்லையே என்று பள்ளிக்கூட அதிபர் அம்மா தயங்கினால், “அத நான் பாத்துக்கிறேன் மிஸ்” என்பார். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும் என்றால், “ஒண்ணு போதும் மிஸ், ரோட்டுல போறவங்க ஒண்ணைத்தான் கேப்பாங்க” என்பார். இதில் ஒரு சிக்கல். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரே பாண்ட் மாஸ்டர்தான் பழக்குகிறார். ஆகவே எல்லாப் பாண்டுக்கும் தெரிந்த அந்த ஒரு பாட்டு, ஒரே பாட்டு. முன்னால் போகிற பாண்ட் அதைப் பாதி முடித்திருக்கும்போது பின்னால் வருகிற பாண்ட் ஆரம்பிக்கும். நடுவில் நிற்கிறவனுக்குத் தலை சுற்றும். அம்புறோஸுக்குச் சுற்றாது. அவர் என்றைக்காவது பாட்டைக் கேட்டிருந்தால்தானே?

திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் வருடாவருடம் இந்தச் சம்பாஷணை நடக்கும்.

“போன வருஷம் வந்ததே போதாதா அம்புறோஸ்?” என்பார் ஃபாதர்.

“போதும்தான் ஃபாதர். ஆனா தெல்தெனிய ஸ்கூல் புள்ளைங்க ஆசையா கேட்டுட்டாங்க. இன்னும் ஒரே ஒரு பாண்ட். டவுனே அதிரணுமா இல்லையா?”

தெல்தெனியப் பிள்ளைகள் கேட்கவே இல்லை. இவர்தான் போய்க் கேட்டார். இருந்தாலும், பிள்ளைகளின் ஆசை என்று சொன்ன பிறகு எந்த ஃபாதர் மறுப்பார்? இப்படி ஒன்றாக இருந்தது மூன்றாகி, மூன்று ஏழாகி, இந்த வருடம் பதினொன்றில் வந்து நின்றது. ஊர் மட்டும் வளரவில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஓடை, எங்கே வளர்வது? கோயில் வாசலில் புறப்பட்டு, மெயின் ஸ்ட்ரீட்டால் போய், பஸ் ஸ்டாண்டில் திரும்பி, கடைகளுக்குப் பின்னால் ஓடும் பள்ளிக்கூட ரோட்டால் மறுபடி கோயில் வாசலுக்கு வருகிற அந்தச் சின்ன வட்டம்தான் எங்கள் பவனிப் பாதை.

அம்புறோஸின் மனைவி பெற்றீசியா பள்ளிக்கூட ரோட்டு வீட்டில் இந்த வருடம் எழுந்து நிற்பதற்கே கஷ்டப்பட்டார். முந்திய நவம்பரில் கண்டியில் இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது செபஸ்தியாருக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார்: உயிரோடு வீட்டுக்குத் திரும்பினால், திருவிழா அன்று உன் சொரூபச் சிலை என் வாசலுக்கு வரும்போது நானே எழுந்து நின்று, என் கையாலேயே மெழுகுதிரி ஏற்றுவேன். கோயிலுக்கு நடக்க முடியாத மனுஷிக்கு வேறு வழியும் இல்லை.

“எனக்குப் பாண்டு ஒண்ணும் வேணாங்க. சொரூபம் நம்ம வாசலுக்கு வந்தாப் போதும்” என்று அவர் சொன்னபோது, அம்புறோஸ் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“வராம எங்க போகும்? நான்தானே முன்னால நடத்திக்கிட்டு வர்றேன்.”

திருவிழா வந்தது. சொரூபத்தைத் தூக்குகிறவர்களில் நானும் ஒருவன், ஆகவே இனி நான் சொல்வதற்கு என் தோளே சாட்சி. பாண்டுகள் முதலில், சொரூபம் கடைசியில் என்பது வழமை. அம்புறோஸ் விசிலை ஊதினார். முதல் பாண்ட் போனது. இரண்டாவது போனது. வெள்ளைச் சப்பாத்து, சிவப்புத் தொப்பி, ட்ரம்பெட், மெலோடிக்கா, பர்தாவின் மேல் தொப்பி வைத்த பிள்ளைகள், தொப்பி பெரிதாகிக் கண்ணை மறைத்த பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். பார்க்கிறதற்குத்தான் ஆளில்லை, ஊரில் பாதிப் பேர் பாண்டிலும், மீதிப் பேர் பாண்டுக்குத் தண்ணீர் போத்தல் தூக்கிக்கொண்டும் போய்விட்டார்கள். பதினோராவது பாண்டும் வாசலைக் கடந்து நாலு அடி வைத்தது. நாங்கள் சொரூபத்தைத் தோளில் ஏற்றினோம். ஃபாதர் கையை உயர்த்தினார்.

அப்போதுதான் பள்ளிக்கூட ரோட்டு முனையில் ஒரு முதுகு தெரிந்தது. அம்புறோஸின் முதுகு. முதல் பாண்டைப் பார்த்தபடி கைகளை வீசிக்கொண்டு, பெருமை பொங்க, பின்பக்கமாக வந்தவர், கோயில் வாசலையும் எங்களையும் கடந்து, பதினோராவது பாண்டின் பெரிய ட்ரம்மில் போய் முட்டினார். டம்.

“யாரு இது ரோட்டை மறிச்சிக்கிட்டு?” என்று திரும்பாமலே கத்தினார்.

“சேர், நாங்க ஒங்க பாண்ட்தான் சேர்” என்றாள் ட்ரம்காரப் பிள்ளை.

வட்டம் மூடிவிட்டது. ஊர்வலத்தின் தலை ஊர்வலத்தின் வாலை முட்டிக்கொண்டு நின்றது. வீதியில் ஓர் ஆள் நுழைய இடமில்லை. செபஸ்தியார் தன்னுடைய திருவிழாவுக்குத் தானே வெளியே வர முடியாமல் கோயில் வாசலில் எங்கள் தோளில் நின்றார். அம்புறோஸ் கலங்கவில்லை. விசிலை ஊதி, “எல்லாரும் பின்னால போங்க!” என்று கட்டளையிட்டார். பாவம், பிள்ளைகளுக்கு யாரும் அதைப் பழக்கவில்லை. எங்கள் ஊரில் பின்பக்கமாக நடக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இருட்டிக்கொண்டு வந்தது. பெற்றீசியா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஃபாதர் கைகளைப் பிசைந்தார். கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் சீமெந்துக் கடை வைத்திருக்கும் முஹைதீன் நானா எட்டிப் பார்த்தார்.

“ஃபாதர், எங்கட ஸ்டோர் கேட் ஈக்கிதானே. பின்னால தொறந்தா ஸ்கூல் ரோட், நேரே பெற்றீசியாட வாசல். லொறி போற பாதையால சொரூபம் போக ஏலாதா?”

ஏன் ஏலாது? மதிலில் இருந்த சின்னக் கதவால் புகுந்து, சீமெந்து மூட்டைகளுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே, ட்ரம்மும் இல்லை, ட்ரம்பெட்டும் இல்லை, முஹைதீன் நானா ஃபோன் வெளிச்சம் காட்ட, செபஸ்தியார் போனார்.

பெற்றீசியாவின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது புசல்லாவைப் பிள்ளைகளின் பாண்ட். நின்ற இடத்திலேயே அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் கேட் திறந்து சொரூபம் வெளியே வந்ததை முதலில் கண்டவள் பாண்டின் தலைவி சுதர்சினி. யாரும் சொல்லாமலே தன் கோலைத் தாழ்த்தினாள். பாண்ட் நின்றது. அடுத்த பாண்டும் நின்றது. அப்படியே ஊர் முழுவதும் ஓய்ந்தது. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். பெற்றீசியா கதிரையின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். இரண்டு தீக்குச்சி காற்றில் அணைந்தது, மூன்றாவதில் திரி பற்றிக்கொண்டது. என் தோளில் பாரம் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

அந்த நேரம் கோயில் வாசலில் அம்புறோஸ் இரண்டு ஃபோனிலும் கத்திக்கொண்டிருந்தாராம்: “யார் பாண்டை நிப்பாட்டினது?”

ஒருவழியாக எல்லாம் கலைந்து அவர் வீட்டுக்குப் போனபோது தொண்டை கட்டியிருந்தது. “மன்னிச்சிரு பெற்றீசியா, சொரூபம் வரல்ல” என்றார்.

“வந்துச்சுங்க.”

“வந்துச்சா? எந்தப் பாண்ட் முன்னால வந்துச்சு?”

“ஒண்ணும் வரல்ல. நல்லா இருந்துச்சு.”

அன்றிரவே விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாராம். திருந்திவிட்டார் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். அடுத்த வாரம் சீமெந்துக் கடைக்குப் போய் ஸ்டோரை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அளந்து பார்த்துவிட்டு, “நானா, அந்த மூட்டைகளக் கொஞ்சம் தள்ளி வச்சீங்கன்னா, இங்க ஒரு பாண்ட் நிக்கும்தானே?” என்று கேட்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு கலியாணம் இருக்கும், அல்லது அம்மாவுக்கு ஒரு பிறந்தநாள். மேடை, வெளிச்சம், இரண்டு கேமரா, ட்ரோன், வரவேற்புரை, வாழ்த்துரை, பிறகு இன்னும் ஒரே ஒரு ஐட்டம். அன்றைக்கு ஒரு தடவையாவது முகத்தைத் திருப்பி, யாருக்காக இதையெல்லாம் தொடங்கினீர்களோ அவர் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டாரா என்று பாருங்கள். அப்படியே கழுத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். விசில் தொங்கினாலும் தொங்கும்.